பழுப்பு வாளியை யார் கழுவுவது?

ஃப்ரைபுர்க்கில் நான் குடியிருக்கும் வீட்டில் குப்பை ஐந்தாகப் பிரியும். காகிதம், அட்டைக்கு ஒரு தொட்டி. பால் டப்பா, தயிர்க் கிண்ணம், பிளாஸ்டிக் உறை எல்லாம் மஞ்சள் பைக்குள். காய்த்தோல், காப்பிச் சக்கை, முட்டை ஓடு பழுப்புத் தொட்டிக்கு. கண்ணாடிப் புட்டிகளை நிறம் பிரித்துத் தெருமுனைப் பெட்டியில் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. இதிலெல்லாம் சேராதது மிச்சக் குப்பை. இது போக, முன்பணம் கட்டி வாங்கிய புட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் புட்டிக்கு 25 சென்ட், பீர் புட்டிக்கு 8 சென்ட் கிடைக்கும்.

வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு மலைப்பு. இவ்வளவு ஒழுங்கா என்று. மூன்று மாதம் கழித்துத்தான் வேறொரு கேள்வி வந்தது: பழுப்புத் தொட்டிக்குப் போகும் முன் காய்த்தோல் கிடக்கும் அந்தச் சின்ன வாளியை யார் கழுவுகிறார்கள்?

வீட்டில் நாங்கள் நான்கு பேர். இரண்டு ஜெர்மன் பையன்கள், ஒரு ஈரானியத் தோழி, நான். பையன்கள் இருவரும் நல்லவர்கள், இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இறைச்சி சாப்பிட மாட்டார்கள், காலநிலைப் பேரணி எதையும் விடமாட்டார்கள், கார் ஓட்டத் தெரிந்தும் சைக்கிளில்தான் போவார்கள். சமையலறைச் சுவரில் துப்புரவு அட்டவணை தொங்கும். இந்த வாரம் குளியலறை யார், தரை யார், படிக்கட்டு யார் என்று பெயரோடு இருக்கும். அதை எல்லோரும் ஒழுங்காகவே செய்தார்கள். அட்டவணையில் இல்லாதவைதான் சிக்கல். தயிர்க் கிண்ணத்தை அலசுவது, மஞ்சள் பை தீரும் முன் வாங்கி வைப்பது, குப்பை வண்டி எந்த வாரம் எதை எடுக்க வருகிறது என்று நினைவில் வைத்திருப்பது, ஜூலை மாதத்தில் அந்த வாளியின் அடியில் புழு நெளியும்போது வெந்நீர் ஊற்றிக் கழுவுவது. இவற்றை இரண்டு பெண்களும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தோம், எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே. அவள் தெஹ்ரானில் வளர்ந்தவள், நான் ராதாபுரம் தாலுகாவில். யாரும் சொல்லாமலே வாளியைத் தூக்கும் கை இருவருக்கும் ஒரே மாதிரி பழக்கப்பட்டிருந்தது.

ஒரு வீட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பையன்களில் ஒருவன் உண்மையான ஆச்சரியத்தோடு, "அதைச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதே, சொல்லியிருக்கலாமே" என்றான். என் அண்ணனும் அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்வான். சொல்வதும் ஒரு வேலைதான் என்பது இருவருக்கும் தெரியாது.

படிக்க வந்தது சுற்றுச்சூழல் ஆளுகையில் முதுகலை. முதல் பருவத்திலேயே ஒரு பயிற்சி: ஒவ்வொருவரும் தத்தம் ஓராண்டுக் கார்பன் கணக்கைப் போட்டு வர வேண்டும். உணவு, உடை, வீட்டுச் சூடு, பயணம். வகுப்பில் என் கணக்குதான் மிகக் குறைவு. பேராசிரியர் பாராட்டினார். நான் குறைவாக வாழ்ந்ததற்கு என் கொள்கை காரணமில்லை என்று அங்கே விளக்கிச் சொல்ல முடியவில்லை. 2023இல் ஜெர்மன் விசாவுக்காக நான் முடக்கப்பட்ட கணக்கில் காட்டிய தொகை 11,208 யூரோ. மாதம் 934 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. வாடகை, காப்பீடு போக மிஞ்சுவதில்தான் எல்லாம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் 1,500 யூரோ கட்டணம் வேறு. இப்படி ஒருத்தியிடம் 'நுகர்வைக் குறை' என்று சொல்லத் தேவையே இல்லை.

என் குளிர்காலக் கோட்டும் மேசை விளக்கும் இட்லிப் பாத்திரத்துக்கு ஈடாக வைத்துக்கொண்ட ஆவிச்சட்டியும் தெருவிலிருந்து எடுத்தவை. இங்கே வேண்டாத பொருளை அட்டைப் பெட்டியில் போட்டு, 'இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வாசலில் வைத்துவிடுவார்கள். அது எனக்குப் பிடித்த வழக்கம். ஆனால் அந்தக் கோட்டை வகுப்புத் தோழி போட்டால் அது அவள் எடுத்த முடிவு, நான் போட்டால் என் நிலைமை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. கோட்டைப் பார்க்கும் பார்வையில் தெரிந்துவிடும்.

'நீடித்த' என்ற பொருளில் இன்று உலகமெல்லாம் புழங்கும் சொல்லுக்கு வேர் ஜெர்மன் காட்டியலில் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். 1713இல் சாக்ஸனியின் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், சுரங்கத்துக்கு மரம் தட்டுப்பட்டபோது எழுதிய நூலில் அது இருக்கிறது. நான் வளர்ந்த வீட்டில் இதற்குப் பெயர் 'ஒப்பேத்துறது'. பழைய சேலை திரைச்சீலையாகி, திரைச்சீலை தலையணை உறையாகி, உறை கரித்துணியாகும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. இதைச் செய்த அம்மாவை யாரும் பாராட்டியதில்லை. ஒப்பேத்தத் தெரியாத பெண்ணுக்கு ஏச்சு விழும், தெரிந்தவளுக்கு ஒன்றும் விழாது. அதனால் 'நம் முன்னோர் அப்போதே இயற்கையோடு வாழ்ந்தார்கள்' என்று யாராவது பெருமை பேசத் தொடங்கினால் எனக்கு எரிச்சல் வரும். அந்த முன்னோர்களில் தண்ணீர் சுமந்தது யார், சாணி அள்ளியது யார் என்று கேட்டால் பெருமை கொஞ்சம் இறங்கும்.

ஆச்சியின் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய்க்குக் கிழிந்த சேலைத் துணி, துவைத்துத் துவைத்துத் திரும்பப் பயன்படுத்துவது. கழிவே இல்லை. அந்தத் துணியை வெயிலில் காயப்போட அவளுக்கு உரிமை இல்லை. தொழுவத்துக்குப் பின்னால், வேறு துணிக்கு அடியில், ஆண்கள் கண்ணில் படாமல், பாதி ஈரத்தோடு. அவளுக்குக் கடைசிவரை இருந்த அரிப்பும் புண்ணும் எதனால் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே ஒரு கடையில் துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பட்டைகளை அழகான பையில் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் வாங்கியது மாதவிடாய்க் கிண்ணம். வீடியோ அழைப்பில் அம்மாவிடம் காட்டியபோது அவளுக்கு முதலில் வந்த கவலை, கல்யாணம் ஆகாத பிள்ளை அதை உள்ளே வைக்கலாமா என்பது. இரண்டாவது கவலை, கொதிக்கவைக்கும் பாத்திரத்தைப் பையன்கள் பார்க்க மாட்டார்களா என்பது. தனிப் பாத்திரம் என்றேன். பார்த்தால் என்ன என்றும் சொன்னேன். அவள் பேச்சை மாற்றினாள்.

இனி பயணம்.

2023 மே முதல் ஜெர்மனியில் மாதம் 49 யூரோ கட்டினால் நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போக முடிந்தது. (2025இல் அது 58 ஆனது.) மாணவர்களுக்கு எங்கள் மாநிலத்தில் அதைவிட மலிவான ஆண்டுச் சீட்டு உண்டு, 27 வயது வரைக்கும். நான் வந்தபோது எனக்கு 29. என்னோடு படித்த ஜெர்மன் பிள்ளைகளுக்கு 23, 24. நான் ஐந்து ஆண்டு சென்னையில் வேலை பார்த்து, கல்விக்கடன் அடைத்து, மூன்று மாப்பிள்ளை வீட்டாரை மறுத்து, அப்பாவைச் சம்மதிக்கவைத்து வருவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. பெண் எந்த வயதில் மாணவியாக முடிகிறது என்பதைச் சீட்டு விலை போட்டவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

49 யூரோ சீட்டு விரைவு ரயிலுக்குச் செல்லாது. ஃப்ரைபுர்க்கிலிருந்து பெர்லினுக்கு விரைவு ரயிலில் ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் பன்னிரண்டு மணிக்கு மேலாகும். ஒரு கருத்தரங்குக்காக வகுப்பில் ஆறு பேர் அப்படிப் போகத் திட்டமிட்டார்கள். செலவில்லை, புகையில்லை. இரவில் கிளம்பி, நடுவில் ஒரு சந்திப்பு நிலையத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்து, அதிகாலை ரயிலைப் பிடிப்பது. பையன்களுக்கு அது சாகசம். நான் ஒரு முறை அப்படி வந்திருக்கிறேன். காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. குடித்திருந்த ஒருவன் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, எந்த ஊர், எவ்வளவு என்று கேட்டான். நான் நடைமேடையின் மறுகோடிக்குப் போய், கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன் கீழே நின்றேன், ரயில் வரும்வரை நின்றுகொண்டே. அந்த இரவுக்கு என் கார்பன் கணக்கில் நல்ல மதிப்பெண் விழுந்திருக்கும். கருத்தரங்குக்கு நானும் தோழியும் பகல் விரைவு ரயிலில் போனோம். பணம் எங்கள் கையிலிருந்து.

சைக்கிளும் அப்படியே. ட்ரைசாம் ஆற்றங்கரையை ஒட்டி ஊரின் குறுக்கே ஓடும் சைக்கிள் பாதை பகலில் சொர்க்கம். தண்ணீர்ச் சத்தம், மரம், ஒரு சிக்னல்கூட இல்லை. 2016 அக்டோபரில் ஓர் இரவு, விருந்து முடிந்து அந்தக் கரைவழியே சைக்கிளில் வீடு திரும்பிய மருத்துவ மாணவி ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். இந்த ஊருக்கு வரும் பெண்களுக்கு முதல் மாதத்திலேயே யாராவது ஒருத்தி அதைச் சொல்லிவிடுவாள். எனக்குச் சொன்னது நூலகத்தில் பக்கத்து மேசைக்காரி. கொன்றவன் அகதியாக வந்தவன். அதனால் நாட்டின் பேச்சு சீக்கிரமே பெண்களின் இரவிலிருந்து வெளிநாட்டவர்களின் எண்ணிக்கைக்குத் தாவிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு இதில் இரண்டு பயம். பாதையில் எதிரே வருபவன் யார் என்ற பயம் ஒன்று; அந்தச் சாவைச் சாக்காக வைத்து என் தோலின் நிறத்தைப் பார்ப்பவர்கள் மேலுள்ள பயம் இன்னொன்று. ஆய்வகத்தில் இரவு பதினொன்று ஆனால் நான் வெளிச்சமான பெருந்தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன், இருபது நிமிடம் கூடுதலாக. நள்ளிரவு தாண்டினால் டாக்ஸி. பெண்களுக்கு இரவில் குறைந்த கட்டணத்தில் டாக்ஸி தரும் ஏற்பாடு ஜெர்மனியின் பல ஊர்களில் உண்டு. அது தேவைப்படுகிறது என்பதை ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைகள் தூக்கியெறியும் நல்ல உணவைத் தொட்டியிலிருந்து எடுத்து உண்பது மாணவர்களிடையே ஒரு போராட்ட முறை. எங்கள் வீட்டுப் பையன்களும் சில இரவுகள் போய், ரொட்டியும் தக்காளியும் முதுகுப்பை நிறையக் கொண்டுவருவார்கள். சட்டப்படி அது திருட்டு. பவேரியாவில் அப்படி எடுத்த இரண்டு மாணவிகள் தண்டிக்கப்பட்டு, வழக்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2020இல் அங்கும் அவர்கள் முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த இரண்டு பெண்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் "நீயும் வாயேன்" என்று பையன்கள் கூப்பிட்டபோது நான் போகவில்லை. திருட்டு வழக்கு என்றால் அவர்களுக்கு ஒரு கதை, எனக்கு அடுத்த முறை குடியிருப்பு அனுமதி புதுப்பிக்கப் போகும்போது மேசையில் விரியும் கோப்பு. அவர்கள் கொண்டுவந்த தக்காளியில் நான் ரசம் வைத்தேன்.

இந்த ஊரின் பசுமைப் பெயருக்கு ஒரு தொடக்கக் கதை உண்டு. 1975 பிப்ரவரியில், பக்கத்து வீல் கிராமத்தில் அணு உலை கட்டவிருந்த இடத்தை விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரர்களும் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். போலீஸ் விரட்டியது, சில நாளில் இன்னும் பெரிய கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். உலை கட்டப்படவே இல்லை. வகுப்பில் அந்தப் படங்களைத் திரையில் காட்டினார்கள். தலையில் முக்காடு கட்டிய கிராமத்துப் பெண்கள், கனத்த கோட்டு, சேறு. எனக்குச் சட்டென்று சித்தி முகம் தெரிந்தது. அவள் பீடி சுற்றுகிறவள். 2011இலும் 2012இலும் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன் பந்தலில், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப்புகை வீசியபோது கடலுக்குள் இறங்கி நின்றவள். வீல் பெண்கள் இன்று பாடம். எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு பாய்ந்தது, உலை ஓடுகிறது. நான் கையைத் தூக்கி இதைச் சொன்னேன். அடுத்த வாரத்துக்கான வாசிப்பில் கூடங்குளம் சேர்ந்தது. அதற்கான உரையைத் தயாரிக்கும் பொறுப்பும், வேறு யார், எனக்கே.

விமானம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினால் ஒரு பயணிக்கு ஏறத்தாழ இரண்டு டன் கார்பன், கணக்கிடும் முறையைப் பொறுத்துக் கூடக் குறைய. இந்தியர் ஒருவர் ஓராண்டு முழுக்க வெளியிடும் சராசரியும் கிட்டத்தட்ட அதே. அதாவது நான் ஒரு தடவை வீட்டுக்குப் போய்வருவது, இன்னொரு ஆளின் ஒரு வருட வாழ்க்கை. இந்த எண் பொய்யில்லை, எனக்கும் அது உறுத்தும். பாடத்தில் சிலர் 'இரண்டு ஆண்டு பறக்க மாட்டோம்' என்று உறுதிமொழித் தாள் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

தரைவழியாகப் போக முடியாதா என்று வீட்டுப் பையன் கேட்டான். துருக்கி, ஈரான், பாகிஸ்தான். அவன் வரைபடம் எடுத்துவிட்டான். ஈரானியத் தோழி சிரித்தாள். 2022இல் ஜினா மஹ்சா அமினி இறந்தபின் பெர்லின் பேரணியில் முகம் தெரிய நின்றவள் அவள். சொந்த ஊருக்கே போக முடியாது. "என் வீட்டு வாசல் வழியாகத்தான் நீ போகணும். போனால் அம்மாவை விசாரி" என்றாள். இந்தியக் கடவுச்சீட்டோடு பாகிஸ்தான் எல்லை என்ன பாடு என்பதை அப்புறம் நான் சொன்னேன். அவன் வரைபடத்தை மூடினான்.

அந்த நவம்பரில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தது ஜனவரியில். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் அவள் தள்ளிப்போட்டாள். என் பருவ விடுமுறை பிப்ரவரி நடுவில்தான் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். "பிள்ள வந்துரட்டும், பாத்துக்கிடலாம்." சென்னையில் இருக்கும் அண்ணன் ஓர் இரவு ரயிலில் வந்துவிடலாம். அவனைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும்தான். பெண்ணின் உடம்புக்கு இன்னொரு பெண்தான் வர வேண்டும், அவள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும். மூன்று மாதம் ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் போய் இறங்கியபோது ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே. முதலில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் மேசைக்கு எடுத்தார்கள்.

ஏழு வாரம் இருந்தேன். சிறுநீர்ப் பை மாற்றினேன், தையல் காய்ந்ததா என்று பார்த்தேன், குனியவிடாமல் காவல் இருந்தேன். படுத்த இடத்திலிருந்தே அவள், "ஏட்டி, அந்தத் தண்ணிய வீணாக்காத, கருவேப்பிலைக்கு ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அண்ணன் வந்தான். அம்மாவின் பழஞ்சேலைத் துணிகளை அவன் கையில் கொடுத்துத் துவைக்கச் சொன்னேன். அம்மா பதறி எழப் பார்த்தாள். அவன் ஒரு நிமிடம் நின்றான், பிறகு பின்கட்டுக்குப் போனான். வெயிலில்தான் காயப்போட்டான், முன்வாசல் கொடியில்.

கோடைப் பருவத்தில் அதே கார்பன் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டியிருந்தது, இந்த முறை அட்டவணையை நாமே திருத்தியமைக்கலாம் என்ற அனுமதியோடு. வகுப்பிலேயே உயர்ந்த எண்களில் ஒன்று இப்போது என்னுடையது, விமானத்தால். நான் இரண்டு பத்தி கூடுதலாகச் சேர்த்திருந்தேன். முதல் பத்தி, ஒவ்வொரு பசுமைப் பழக்கத்துக்கும் பின்னால் இருக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்பது. வாளி கழுவுவது, புட்டி சுமப்பது, துணி துவைப்பது, அம்மாவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் இருந்தன. என்ன அலகு என்று பேராசிரியர் கேட்டார். மணி என்றேன்.

"இரண்டாவது பத்தி?"

"இருட்டு."

பின்வரிசையில் ஒருவன், பயத்தை எப்படி அளப்பாய் என்று கேட்டான். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பையில் ரசீதுகளை வைத்திருந்தேன். இரண்டு விரைவு ரயில் சீட்டு, ஒன்பது டாக்ஸி, ஓர் இரவு விடுதிக் கட்டில். இரவுப் பயணத்தைத் தவிர்க்க ஓராண்டில் நான் கூடுதலாகக் கொடுத்தது 286 யூரோ. அவற்றை மேசையில் தேதிவாரியாக அடுக்கினேன். பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் பையைத் திறந்து, தன்னுடைய ரசீதுகளைத் தேடத் தொடங்கினாள்.